ஆட்டுத் தொட்டியில் குளித்த அத்தான்

மெல்பேர்ணில் ஜூன் மாதத்தில் புத்தி சரியாக உள்ள எவரும் யன்னலைத் திறப்பதில்லை. அதனால்தான் ஆங்கிலத் துறைத் தலைவர் அன்று முன்வரிசையிலிருந்து எழுந்து, குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பவர் போல மெல்ல நடந்து போய் முதல் யன்னலைத் தூக்கித் திறந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே மழை. குளிர்காற்று உள்ளே வந்து மேசையிலிருந்த தாள்களைக் கிளப்பியது. அவர் திரும்பி, "இங்கே சற்று வெக்கையாக இருக்கிறது, இல்லையா?" என்று புன்னகைத்தார். இருந்த அத்தனை பேரும் ஆமென்று தலையாட்டிக்கொண்டே கழுத்துத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்கள். அவர் இரண்டாவது யன்னலுக்குப் போனார். மேடையில் அத்தான் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் நான் மூக்கை ஸ்வெட்டருக்குள் புதைத்துக்கொண்டு இருந்தேன். நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அத்தான் என்பது என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து, மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக வந்து சேர்ந்தவர். நான் பல்வைத்தியம் படிக்க வந்து அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டவன். முதல் இரண்டு வருடமும் அக்காவின் சோற்றைக் கடித்து விழுங்கியதுதான் என்னுடைய செய்முறைப் பயிற்சி. அத்தான் சுத்த சைவம். காலையில் குளிக்காமல் தேத்தண்ணீர்கூடத் தொடமாட்டார். மத்தியானம் துறையின் பொது அறையில் அவர் புட்டும் சம்பலும் உள்ள டப்பாவைத் திறந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, வானிலை பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, யன்னலைத் திறப்பாராம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அடுத்த நாள் சம்பலில் வெங்காயத்தைக் குறைத்துவிடுவாள்.

அத்தானுக்கு ஒரு ஆள் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அங்கத எழுத்தாளர், இன்று யாரும் வாசிப்பதில்லை. பெயர் எதற்கு, அத்தானே அவரை "எங்கட ஆள்" என்றுதான் சொல்வார். இளவயதில் வீட்டோடு கோபித்துக்கொண்டு, கப்பலேறி, அப்போது குடியேற்ற நாடாக இருந்த இதே விக்டோரியா மாநிலத்தின் மேற்கே வந்து சில வருடம் செம்மறியாடு வளர்த்தவர். திரும்பிப் போய் லண்டனில் உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டைப் பற்றி நாவல் எழுதினார். அந்த நாட்டில் மூக்கு என்பது வெட்கப்படவேண்டிய உறுப்பு. அதைப் பட்டுத்துணியால் மூடிக்கொண்டே வீதியில் போவார்கள். களவெடுத்தவனை மன்னித்துவிடுவார்கள். "இங்கே ஏதோ நாறுகிறதே" என்றவனை மன்னிக்கமாட்டார்கள். பேரறிஞர்களெல்லாம் இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே பதிலை வைத்திருந்தார்கள்: மலையடிவாரத்துத் தனிமை, தென்வானத்து நட்சத்திரம், விளக்கொளியில் கிரேக்கம் படித்த இரவுகள். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "மலையைப் பாத்தவன் கவிதை எழுதுவானடாப்பா. இவன் ஆட்டின்ர பின்பக்கத்தைப் பாத்தவன். அதாலதான் இப்பிடி எழுதினவன்" என்பார். அருவருப்பை விழுங்கி விழுங்கிப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவன், அதே ஆட்டு மயிரில் நெய்த கோட்டைப் போட்டுக்கொண்டு வாசனைத் திரவியம் பூசி நிற்கும் கனவான்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்புத்தான் அந்த நாவல் என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சியில் எங்கள் எல்லாருடைய வாழ்க்கையும் தொங்கியது. வருடக் கடைசியோடு அத்தானின் ஒப்பந்தம் முடிகிறது. துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்கள் ஒவ்வொருவரும் தெரிவுக் குழுவின் முன்னால் ஒரு விரிவுரை செய்யவேண்டும். கிடைத்தால் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டும். அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் கட்சியில் ஒரு சிறு ஓட்டை: அத்தான் செம்மறியாட்டைப் பார்த்தது ரயில் யன்னலால் மட்டும். ஆகவே மே மாத விடுமுறையில், மேற்கே, அவருடைய மாணவன் ஒருவனின் தகப்பனுக்குச் சொந்தமான ஆட்டுப் பண்ணைக்கு இருவரும் போனோம். நான் போனது ஆராய்ச்சிக்கு அல்ல, ஓசிப் பயணத்துக்கு.

அங்கே கண்டது இது. சாப்பிடுமுன் வாசிப்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடலாம். செம்மறியாடு என்றால் நாங்கள் பஞ்சு மேகத்தை நினைத்திருந்தோம். பின்பக்கத்து மயிரில் சாணமும் மூத்திரமும் காய்ந்து விளாங்காய் அளவில் கட்டிகட்டியாய்த் தொங்கின. ஆடு ஓடும்போது அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. ஈ முட்டையிட்ட இடத்தில் மயிரை விலக்கினால் தோல் இல்லை. வெள்ளைப் புழுக்கள் சோறு கொதிப்பதுபோல் கொதித்துக்கொண்டிருந்தன. நான் வேலிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன். அத்தானும் வந்து பக்கத்தில் நின்று வாந்தியெடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியே, நான் சொன்னது சரி" என்றார். அப்படி ஒரு சந்தோசம். மூன்று வேளையும் ஆட்டிறைச்சி. உருளைக்கிழங்கு தின்னலாம் என்றால் அதையும் ஆட்டுக் கொழுப்பில் பொரித்திருந்தார்கள். பாணும் ஜாமும் தின்றோம். பாணிலும் ஆடு மணத்தது.

ஆனால் அத்தானை வாட்டியது சாப்பாடு அல்ல, குளியல். மழைத்தண்ணீர்த் தாங்கியை நம்பியிருந்த வீடு அது. சனிக்கிழமைகளில் மட்டும்தான் குளிப்பது என்றும் அதுவரை முகம் கழுவிக்கொள்ளலாம் என்றும் பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். அத்தான் முகத்தில் இழவு விழுந்தது. மறுநாள் விடியற்காலை என்னைத் தட்டி எழுப்பினார். சாரமும் துவாயும் வாளியுமாக நின்றார். கொட்டிலுக்குப் பின்னால் நீளமான சீமெந்துத் தொட்டி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அச்சு அசலாக எங்கள் ஊர்க் கிணற்றடித் தொட்டி. ஒரு பக்கம் இறங்குவதற்குச் சரிவு, மறுபக்கம் ஏறுவதற்குச் சரிவு. தண்ணீர் தளும்பியது.

"அத்தான், உது என்ன தொட்டி எண்டு ஒருக்கா கேட்டிட்டுக் குளியுங்கோவன்."

"என்னத்தைக் கேக்கிறது? தண்ணி நிக்குது, இறங்கச் சரிவு கட்டி வைச்சிருக்கிறாங்கள். மனிசன் குளிக்காமல் வேற ஆர் உதுக்க இறங்கிறது?"

சாரத்தைக் கட்டிக்கொண்டு, சிவ சிவா என்று இறங்கி, தலைக்கு அள்ளி அள்ளி ஊற்றினார். குளிருக்குப் போட்டு வந்து கரையில் கழற்றி வைத்த கம்பளிக் கோட்டும் அவருடைய ஒரே நல்ல கோட்டு என்பதைக் காட்டிக்கொள்ளாமல் வழுக்கி உள்ளே விழுந்தது. குளிருக்குப் பயந்தவன் நான். தலைமயிரை மட்டும் நனைத்துக்கொண்டு குளித்தவன்போல் நிற்கும் திட்டத்தில் இருந்தேன். என் வாழ்க்கையில் சோம்பேறித்தனம் என்னைக் காப்பாற்றிய பல தருணங்களில் அது தலையாயது. மேலே நின்றது மழைத்தண்ணீர். அத்தான் கால் பட்டுக் கலங்கியதும் அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது: போன கோடையில் ஆடுகளை முக்கியெடுத்த பூச்சிமருந்து, தார், மயிர்க் கொழுப்பு, சாணம், மாதக்கணக்காய் ஊறியது. பண்ணைக்காரர் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அத்தானை நிற்கவைத்துக் குழாயால் தண்ணீரை அடி அடியென்று அடித்துக் கழுவினார். "மழையால் மருந்து நீர்த்துப் போயிருக்கும், பிழைத்துக்கொள்வாய்" என்றார். சனிக்கிழமைக்கென்று சேமித்த தண்ணீர் முழுவதும் அன்று அத்தான் மேல் போயிற்று.

வீட்டு வாசலிலேயே அக்கா மறித்தாள். "இஞ்சருங்கோ, கிட்ட வராதேங்கோ! என்னத்துக்க விழுந்து எழும்பி வாறியள்?" பிறகு சீயக்காய் தேய்த்தாள், தேசிக்காய் தேய்த்தாள், வினிகரால் கழுவினாள், கடைசியில் சாம்பிராணிப் புகை காட்டினாள். நாற்றம் போகவில்லை, ஒவ்வொன்றும் அதோடு போய்ச் சேர்ந்தது. ஆட்டுக்குத் திருவிழா நடத்தியதுபோல் ஒரு கலவை மணம் வீடெங்கும் நின்றது. கோட்டைச் சலவைக் கடையில் இருமுறை கொடுத்து வாங்கியபின் ஓரளவு அடங்கியிருந்தது. ஆனால் விரிவுரையன்று மழை. கம்பளி நனைந்தால் தான் பிறந்த இடத்தை நினைத்துக்கொள்ளும். ட்ராமிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் போவதற்குள் அத்தான் முழு ஆடாகியிருந்தார். கோட்டைக் கழற்றச் சொன்னேன். கேட்கவில்லை. குழுவின் முன்னால் கோட்டில்லாமல் நின்றால் மரியாதை இல்லையாம்.

துறைத் தலைவர் நான்காவது யன்னலில் கைவைத்தபோது அத்தான் பேச்சை நிறுத்தினார். தாள்களை அடுக்கி வைத்தார். "மன்னிக்கவேண்டும். இங்கே யாருக்காவது ஏதாவது மணக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் மிகப் பணிவாகக் கேட்டார்.

துறைத் தலைவர் திரும்பாமலே, "இல்லையே" என்றார். அத்தான் முன்வரிசையில் அடுத்தவரைப் பார்த்தார். அவர் தனக்குச் சளி என்றார். அதற்கடுத்தவர் கூரையைப் பார்த்தார். மூக்கெல்லாம் சிவந்து, பற்கள் கிடுகிடுத்து, அத்தனை பேரும் புன்னகைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் புன்னகையைக் காண எனக்கு மறுபடியும் குமட்டியது. புழுவைக் கண்டபோதுகூட அப்படிக் குமட்டவில்லை. புழு குறைந்தபட்சம் தான் புழு இல்லையென்று நடிக்கவில்லை. அந்த மனிதர்கள் மனதுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். இது இந்த ஆசியாக்காரருடைய மணம், என்ன செய்வது, பொறுத்துக்கொள்வோம்.

அப்போது குழுவில் இருந்த ஒரே பெண், ஓய்வுபெறப் போகும் வயதுள்ள விரிவுரையாளர், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது ஆட்டுத் தொட்டி மணம். என் அப்பாவின் சட்டை மணம். ஒவ்வொரு கோடையும் இப்படித்தான் வீட்டுக்கு வருவார்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்தவர் என்பது அதுவரை துறையில் ஒருவருக்கும் தெரியாதாம். துறைத் தலைவர் அவரைப் பார்த்த பார்வை, சபையில் அவர் துணியவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது.

அத்தான் அந்த அம்மாவுக்குத் தலை குனிந்தார். "நன்றி. இந்த ஊரின் பெரிய கட்டடங்கள் எல்லாம் எழும்பியது ஆட்டு மயிர் விற்ற காசில், இந்த நாற்றத்தில்தான்" என்றார். "நாலு வருடமாக என் மனைவியின் சமையலுக்கு யன்னல் திறந்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்று நீங்கள் திறந்தது உங்கள் ஆட்டுக்கு. நான் பேச வந்த நாவலும் இதுதான். என் விரிவுரை முடிந்தது." மேடையை விட்டு இறங்கினார். ஒருவர் கைதட்டத் தொடங்கி, தனியாக இருப்பதை உணர்ந்து நிறுத்தினார். அது நான்.

அந்த இடம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைத்தது. அவர் மலைகளின் தனிமை பற்றி எழுதியிருந்தார். மலை நாறாது. அத்தான் வருடக் கடைசியில் அக்காவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சாம்பியாவுக்கு ஆசிரியராகப் போனார். எங்கட ஆளைப் பற்றி அதன்பின் ஒரு வரி எழுதவில்லை. நான் இங்கேயே நின்று, கிளென் வேவர்லிப் புறநகரில் பல் பிடுங்கிப் பெரிய மனிதனானேன். இத்தனை வருடமாக மனிதரின் வாய்க்குள் குனிந்து பார்க்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் சொல்லமாட்டேன். "பல் முரசில் சின்னப் பிரச்சினை" என்று புன்னகைத்துவிட்டுக் காற்றாடியைத் தட்டிவிடுவேன். பட்டுத்துணிக்குப் பதில் முகக்கவசம். எங்கட ஆளின் நாட்டில் எனக்கு உடனே குடியுரிமை கிடைக்கும்.

முடிவு தெரிந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். அத்தான் வந்து கதிரையில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றினார். நடைபாதையில் துறைத் தலைவர் அவரைக் கண்டு, தோளில் கைவைக்கப் போய், வைக்காமல், மிக அன்பாகச் சொன்னாராம்: விரிவுரை சுவாரசியமானது, துணிச்சலானது, ஆனால் சொன்ன கருத்துக்கு ஆதாரம் போதாது என்பது குழுவின் முடிவு.

அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். பின்கொடியில் அந்தக் கோட்டு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆதாரம் காணாதாமோ?"

"ஓம்."

"இன்னும் எவ்வளவு நாற வேணுமாம்?"