கடைசிப் பாரா

இடது உள்ளங்கை திரையில் கட்டுரையின் தலைப்பை மறைத்திருக்கிறது. வலது கை மவுஸை உருட்டி நேராக அடிக்குப் போகிறது. எழுதியவர் யார், எதை விற்கிறார் என்று அங்கே பார்த்த பிறகுதான் இந்தப் பெண்மணி மேலேறி வந்து படிக்கத் தொடங்குவார். பட்டை வரைபடம் வந்தால் ஆள்காட்டி விரல் பட்டையின் அடியைத் தொடும். "பூஜ்யத்துல ஆரம்பிக்கலையே தம்பி, தரையில்லாமலா நிக்கிறே?" என்று பட்டையிடமே கேட்பார்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் நிறுவனம். ஊருக்கு ஊர் கிளை. விற்பனை, புகார், இருப்பு எல்லாவற்றையும் எண்ணாக்கி, படமாக்கி, முடிவெடுப்பவர்கள் முன் வைப்பது இவர் வேலை. அதோடு வாரக் கடைசியில், இணையத்தில் படிக்கத் தகுந்த கட்டுரைகளைப் பொறுக்கி, கிளைகளில் இதே வேலை பார்ப்பவர்களுக்கு மெயிலில் அனுப்புகிறார். யாரும் சொல்லிச் செய்வதல்ல. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே சொந்தமாக ஒரு வரி இருக்கும்: 'முதல் பாதி விளம்பரம். பின்பாதியில் சரக்கு உண்டு.'

அலுவலகம் இவருக்கு வைத்த பெயர் 'கடைசிப் பாரா'.

"கல்யாணப் பத்திரிகையையும் கீழேருந்துதான் படிப்பீங்களா?"

"பின்னே? அச்சடிச்சவன் பேரு அங்கதானே இருக்கு."

சிரிப்பு அத்தோடு நின்றுவிடும். போன ஆண்டு துறைத் தலைவர் ஒரு கட்டுரையைத் தலைப்பை மட்டும் பார்த்து எல்லாக் கிளைக்கும் அனுப்பிவைத்தார். தொலைபேசிப் பேச்சைச் சுருக்கினால் வேலை பெருகும் என்றது தலைப்பு. உடனே அதுவே அளவுகோலானது. காது மந்தமானவர்களுக்கும் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்த புகார்ப் பிரிவு அம்மாள் பட்டியலின் அடிக்குப் போனார், வேலையும் போயிற்று. புகார்ப் பிரிவுக்கு இந்த அளவு பொருந்தாது என்று அதே கட்டுரையின் கடைசிப் பாரா தெளிவாகச் சொல்லியிருந்தது.

"போனை டொக்குன்னு வெச்சவளுக்குப் பாராட்டு, நின்னு பேசின அக்காவுக்கு வாசல். கொஞ்சம் கீழ உருட்டினா விரல் தேஞ்சா போயிடும்? நாக்குல வைக்காமலே உப்பு சரியா இருக்குங்கிற கூட்டம்!" இதைச் சொல்லும்போது இன்றும் இவருக்கு மூச்சு வாங்கும்.

இந்த வாரம் தலைவர் இவர் மேசையோரம் வந்து நின்றார். கிடங்கு ஊழியர்களை வேகத்தை வைத்துத் தரவரிசைப்படுத்தச் சொல்லும் கட்டுரை ஒன்று அவரிடம் இருந்தது. இவர் முன்பே படித்து ஒதுக்கிவைத்த கட்டுரை.

"இதை முதல்ல போடும்மா. மேலிடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"நீங்க படிச்சீங்களா சார்?"

"விஷயம் தெரியும்."

"எழுதினவங்களே வேகத்தை அளக்கிற சாஃப்ட்வேரை விக்கிறாங்க சார். தலையணை எடுக்கிறவனும் கண்ணாடிச் சாமான் எடுக்கிறவனும் ஒரே ஓட்டப்பந்தயத்துல. பதறி எடுத்து உடைச்சா அதுக்குக் கணக்கே இல்லை. பார்த்துப் பார்த்து எடுக்கிறவன் கடைசி. அவனையும் வீட்டுக்கு அனுப்பணுமா?"

"உன் வியாக்கியானம் வேண்டாம். லிங்க்கை மட்டும் போடு. முடியலேன்னா இந்த மெயிலை வேற யாராவது பார்த்துக்கட்டும்."

தலைவர் போய்விட்டார். மறுத்தால் அடுத்த வாரம் முதல், எதையும் படிக்காதவர்கள் இந்த மெயிலை அனுப்புவார்கள். பேசாமல் போட்டால், இவர் பெயரை நம்பியே கிளைகள் அதைப் பின்பற்றும். பிறகு அந்தக் கட்டுரையை இன்னொரு முறை, ஒரு வரி விடாமல் படித்தார். அதையே மெயிலில் முதலாவதாகப் போட்டார். அதன் கீழே, தலைவரிடம் சொன்ன அத்தனையையும் எழுதினார். வழக்கமான ஒரு வரியில் அடங்கவில்லை. மெயிலை அனுப்பாமல், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தலைவரின் அறைக்குள் போனார்.

"முதல்ல போடச் சொன்னீங்க, போட்டாச்சு. நான் எழுதினதும் கீழ இருக்கு. அழிக்கணும்னா நீங்களே படிச்சு, நீங்களே அழிச்சு, உங்க பேரைப் போட்டு அனுப்புங்க சார்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். இவர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.