அவளும் சொல்லட்டும்

உங்கள் வீட்டுச் சமையலறையில் கதவை மறித்தாற்போல் உட்காருவது யார்? என்றாவது கவனித்திருக்கிறீர்களா?

குன்வோர் என்ற பெண்மணி கவனிக்க வைப்பார். நார்வேயின் பெர்கன் நகரத்தில், மனைவியை அடித்த ஆண்கள் திருந்துவதற்காக வாராவாரம் கூடும் அறையில், மேசை நாற்காலிகளை இழுத்துப் போட்டு, அவரவர் சமையலறையை அங்கேயே அமைக்கச் சொல்வார். "அவ எங்க நின்னா? புள்ள எங்க இருந்துச்சு? வெளிய போக வழி இருந்துச்சா?"

"கோவம் கண்ண மறைச்சிருச்சுங்க" என்று ஒருவன் இழுப்பான்.

"ஆபீஸ்ல மேனேஜர் திட்டறப்ப மட்டும் அந்தக் கோவம் லீவு போட்டுருமோ?"

அழுகிறவனுக்குக் கைக்குட்டை தரமாட்டார். மழைக்கோட்டுப் பையிலிருந்து உப்பு போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டுவார். "மெல்லு. மென்னுகிட்டே அழ முடியாது. அப்புறம் பேசலாம்."

பல வருடம் பெண்கள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். தப்பி வந்தவளுக்குக் கட்டில் கொடுத்தார்; அடித்தவனோ அடுத்தவளைத் தேடிக்கொண்டான். ஓட வேண்டியவள் எப்போதும் அவள்தானா என்ற ஆத்திரம்தான் அவரை இந்த அறைக்குக் கொண்டுவந்தது. குடி, பிறவிக் குணம், தலையெழுத்து என்ற எந்தச் சமாதானமும் அவரிடம் செல்லாது. அடிப்பது ஒருவன் எடுக்கும் முடிவு. எடுத்த முடிவை மாற்றலாம்.

சென்ற மாதம் அந்த ஆண்களில் ஒருவனான ஐவின் கேக்கோடு வந்தான். படகுத்துறை மெக்கானிக். நல்ல சேதி இருந்தால் கேக் கொண்டுவருவது இந்த ஊர் வழக்கம். "ஆறு மாசமாக் கை ஓங்கல!" மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"நான் பஸ்ல யாரையும் கடிக்கிறதில்ல. எனக்கு எத்தன கேக்கு வாங்கித் தருவ?" என்றார் குன்வோர். "அவளும் சொல்லட்டும், ராசா."

அவன் மனைவி யோருன் மகளோடு தனியே இருக்கிறாள். குன்வோரிடம் அவளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி வரப்போவதில்லை என்று அவனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றாள். அந்த வீட்டில் அவள் 'முடியாது' என்றபோதெல்லாம் அடிதான் விழுந்திருக்கிறது. நூலகத்துக் காப்பிக்கடையில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே இருவரையும் சந்திக்கச் சொன்னார் குன்வோர். பக்கத்து மேசையில் தன் சக ஊழியரை உட்கார வைத்தார். பிறகு அலுவலகத்தில் போனைப் பார்த்தபடி, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

யோருனிடமிருந்து போன் வந்தது. "சொல்லிட்டேன்."

"அவன்?"

"மூஞ்சி செத்துப்போச்சு. 'புரியுது'ன்னான். பாப்பா அவன் வீட்ல விட்டுட்டு வந்த தொப்பிய எங்கிட்டக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டான். பஸ் போறவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். எறங்கி வரல, குன்வோர். எனக்கு இப்பத்தான் பசிக்குது."

"சாப்புடும்மா. நல்லாச் சாப்புடு."

கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் குன்வோர். நனைந்த காலணிகளை உதறிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டார்.

உங்கள் நண்பர் யாராவது 'திருந்திவிட்டேன்' என்றால் தோளில் தட்டிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். அவர் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்: அவரிடம் 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா?