மூக்கோடு மூக்கு

விடிந்ததும் ஹுமைத் முதல் சலாமை மஸ்னாவுக்குத்தான் வைப்பார். பித்யா மணற்காட்டில் ஆண்கள் சந்தித்தால் செய்வது போலவே, மூக்கோடு மூக்கு ஒட்டி. அந்தப் பெண் ஒட்டகமும் கண்ணை மூடிக்கொண்டு அவர் தாடிக்குள் மூச்சு விடும். இதே மரியாதையைச் சந்தைத் தரகர்களுக்குச் செய்ய மட்டும் அவருக்கு மனம் வராது. எட்டி நின்று கையசைப்பதோடு சரி.

கால்நடை மருத்துவர்கள் வந்து ஒட்டகங்களின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் போனபோது விழுந்து விழுந்து சிரித்தார். "மூக்கு ஒழுகுனாத்தான் ஒட்டகம். ஒழுகலேன்னா அது கழுதை."

சோதனையில் மஸ்னாவுக்கு வைரஸ் இருந்தது. ஒட்டகத்துக்கு அது வெறும் சளி. நெஞ்சு பலவீனமான மனிதருக்குத் தொற்றினால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்றார்கள். அப்போதும் சிரித்தவரை அடக்கியது மகள் ஷம்சாதான். அவள் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த மகனின் நுரையீரல் தேறட்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். "பாலைக் காய்ச்சிக் குடிங்க. ஒட்டகத்தோட மூக்கு உரசுறதை விடுங்க. இல்லேன்னா பேரனைத் தொட விடமாட்டேன், வாப்பா."

மறுநாளே முகக்கவசம் போட்டுக்கொண்டு கறக்கப் போனார். மஸ்னா ஆள் தெரியாமல் மடியை இறுக்கிக்கொண்டது. கெஞ்சினார், பாடினார், தன் ஏழு தலைமுறைப் பெயரையும் ஒப்பித்தார். கடைசியில் அது கவசத்தைப் பிடுங்கி மென்றுவிட்டது. "யாருடா இந்தத் திருடன்னு கேக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாலும், புதுக் கவசம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பேரன் ஆசை அப்படி.

இன்று அந்தப் பேரன் வருகிறான். விடியற்காலையில் பட்டியில் இளம் ஒட்டகம் ஒன்று குட்டி போட்டது. குட்டிக்கு மூச்சில்லை. ஹுமைத் கவசத்தைக் கழற்றி எறிந்து, அதன் மூக்குச் சளியை வாயால் உறிஞ்சித் துப்பி, ஊதி ஊதி உயிரை மீட்டார். பக்கத்தில் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை. பிறகு குளித்து, சாம்பிராணிப் புகை காட்டிய புது அங்கி போட்டு, வாசலிலேயே காத்து நின்றார்.

ஷம்சா வண்டியிலிருந்து இறங்கி, துணிச் சுருளை நீட்டினாள். "இந்தாங்க வாப்பா. இத்தனை நாள் சொன்ன பேச்சு கேட்டீங்க."

குழந்தை கொட்டாவி விட்டது. ஹுமைதின் கண் நிறைந்தது. தலைப்பாகை நுனியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி ஓரடி பின்னால் போனார்.