நல்ல காலில் கட்டு

சுபாஷினி மாடிப்படியில் உட்கார்ந்து வலது முழங்காலில் பண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறாள், நுனியைப் பல்லால் கடித்தபடி. எங்கள் கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் காலையில் இறங்குகிற எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் பிள்ளை, நொண்டுறது இடது கால். கட்டு வலது காலிலை கிடக்கு?"

"மெதுவாப் பேசுங்கக்கா," என்று சிரித்தாள். "எதுத்தாப்புல வெளையாடுறவளுக கட்டுப் போட்ட காலத் தேடித் தேடித்தான் ஒதைப்பாளுக. நல்ல கால்ல கட்டுனா நோவுற கால் தப்பிச்சிரும்ல?"

அடி கெட்டிக்காரி!

இருபத்திரண்டு வயது. சின்ன வயதில் அம்மா சீனியம்மாவோடு ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். கொழும்புக் கிளப் ஒன்றுக்குச் சம்பளத்துக்கு உதைபந்தாடுகிறாள், கோல் அடிப்பதுதான் அவள் வேலை. சம்பளம் என்பது பேச்சுக்கு. அதனால் பகலில் வெள்ளவத்தைப் புடவைக்கடையில் நிற்கிறாள். வாடிக்கையாளருக்குக் காட்ட முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பாரம் முழுவதையும் வலது காலில் வைத்துக் கொக்கு மாதிரி நிற்பாள். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் உட்காரமாட்டாள். மடக்கினால் முழங்கால் பூட்டிக்கொள்ளுமாம். ஆனால் பாதையில் ஒரு வெற்றுப் போத்தல் கிடந்தால் போதும், கொச்சிக்கடை வரைக்கும் உருட்டிக்கொண்டே போவாள். சீனியம்மாவின் ஏச்சு பின்னாலேயே போகும்.

இடது முழங்காலுக்குள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டால் விளையாட்டை மறந்துவிடு என்று டொக்டர் சொல்லியிருந்தார். இது அம்மாவுக்கே தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது மேனகா. அதே கிளப்பில் பின்வரிசையில் தடுத்தாடுகிறவள். அவளும் சுபாஷினியும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்கிறவர்கள், ஒருத்தி பூட்ஸை மற்றவள் போட்டுக்கொள்கிறவர்கள்.

போன மாதம் மாலைதீவுக் கிளப் ஒன்றிலிருந்து ஆள் பார்க்க வந்தார்கள். ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். "கெடைச்சா இந்தச் சீலைக்கடைக்கு ஒரு கும்புடுக்கா," என்று சுபாஷினி சொல்லிவிட்டுப் போனாள். கோச் கிளைவ் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார். மேனகா எதிர்ப்பக்கம். நானும் வேலியோரம் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வலது காலையே குறிவைத்து அடித்தார்கள். சுபாஷினி ஒவ்வொரு தடவையும் விழுந்து எழும்பிச் சிரித்தாள். ஒரு கோலும் போட்டாள். வந்தவர்கள் அவளைக் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள்.

பிறகு பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடுகிறாள், பக்கத்தால் மேனகாவின் பூட்ஸ் வருகிறது, நேரே இடது முழங்காலுக்கு. பந்து அந்தப் பக்கமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தச் சத்தம் எனக்கு வேலிவரைக்கும் கேட்டது.

மேனகாவைத்தான் எடுத்தார்கள்.

கூடவே இருந்து குழி பறித்தாளே பாவி என்று நான் இன்னும் ஏசுகிறேன். சுபாஷினியோ, "ஆட்டத்துல படுறதுதானேக்கா. வேணும்னா செய்வா?" என்கிறாள். இப்போது கடையில் கல்லாப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போத்தல்கள் பாதையில் கிடந்தபடியே கிடக்கின்றன. காலையில் மட்டும் அதே படியில் உட்கார்ந்து அதே வலது காலுக்குப் பண்டேஜ் சுற்றுகிறாள். "அந்தக் காலுக்கு என்னாத்துக்குடி இன்னும்?" என்று சீனியம்மா கத்தினால், "பழகிப்போச்சும்மா" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனகா பயணம் சொல்ல வந்தாள். புது பேக் தோளில். படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். "போயிட்டு வாறன் சுபா. என்னோட கோவமா?"

சுபாஷினி வலது காலில் இருந்த கட்டை மெல்ல அவிழ்த்தாள். சுருட்டினாள். அதை மேனகாவின் கையில் வைத்துவிட்டு, வீங்கிய இடது காலை அவள் முன்னால் நீட்டினாள்.