வாய்ப்பூட்டு

வடிவேலுவுக்கு லேத் கடைசல் வேலையில் கண் இரண்டாம்பட்சம். இரும்பை உளி தொடும்போது எழும் சீறலைக் கேட்டே, மயிரிழை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பின்சந்தில் அவருடைய பட்டறை இருந்தது.

1943இல் ஒரு ஜப்பானிய அதிகாரி அங்கே வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஓடிப்போன வெள்ளைக்காரனின் பங்களாவில் எடுத்தது. அதிகாரிக்கு வலது தோள் எலும்பு ஒருமுறை முறிந்து கூடியது. மண்டாய்க் காட்டில் பன்றி சுடும்போதெல்லாம் துப்பாக்கியின் உதை உயிரை எடுத்தது. அந்த உதையைக் குறைக்க வேண்டும் என்றான். முந்திய மாதம் அவனுடைய கைத்துப்பாக்கியைச் சரியாகப் பழுதுபார்க்காத சீனரை லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். அவருடைய கடைக்கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

வடிவேலு குழல் முனையில் மரை வெட்டி, அதில் திருகும்படி இரண்டு மூடிகள் கடைந்தார். ஒன்றில் மேல்பக்கம் மூன்று துளைகள். உதை சற்றுக் குறையும். மற்றதில் இருபக்கமும் பிளவுகள், உதை பாதியாகும். ஆனால் வெடியின் காற்று பக்கவாட்டில் சீறி, அருகில் நிற்பவன் காதைக் கிழித்துவிடும். பெயர் தெரியாத அந்தச் சாமானை அவர் விளையாட்டாக ‘வாய்ப்பூட்டு’ என்று சொல்லிவந்தார்.

மேல்துளை மூடியைக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். சோதனைக்குப் போன காலையில், மண்டாய்ச் சாலையோரம் மொழிபெயர்ப்பாளர் இராஜசிங்கம் அவர் காதோடு சொன்னார். யாழ்ப்பாணத்தார்; சண்டைக்கு முன் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி; ஜப்பானிய மொழி கற்று எட்டு மாதம்தான்.

“ஐசே, இனிச் சத்தமே வராது எண்டு சொல்லிப்போட்டன். ஆளுக்குச் சரியான சந்தோசம்.”

வடிவேலு அவர் கையைப் பிடித்து இழுத்தார். “யாருங்க கிராணி ஐயா அப்படிச் சொன்னது? சத்தம் இன்னும் கூடத்தான் செய்யும்!”

“நீர்தானே வாய்ப்பூட்டு எண்டீர்! பூட்டினால் வாய் பேசுமோ?” இராஜசிங்கம் அதிகாரி பக்கம் திரும்பிப் பார்த்தார். “இப்ப மாத்திச் சொன்னால் என்னை வெட்டுவான். சொல்லாட்டில் உம்மை.”

“நல்லா கொன்னீங்க, போங்க.”

அதிகாரி தோட்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடுப்பில் வாள் தொங்கியது. வடிவேலு அவன் தோளையே பார்த்தார். சத்தத்தை அவன் மறக்க வேண்டுமானால் அந்தத் தோள் வலிக்கக் கூடாது. கொஞ்சமும் வலிக்கக் கூடாது. பையிலிருந்து பிளவு வைத்த மூடியை எடுத்துத் திருகினார்.

அதிகாரி தன் இடப்பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னான்.

“சத்தம் வருதோ எண்டு பாக்க ஒரு ஆள் பக்கத்தில நிக்கட்டாம்,” என்றார் இராஜசிங்கம்.

“நீங்க பின்னால போங்க ஐயா. பேசுற ஆளுக்குக் காது வேணும். லேத்துக்கு எதுக்குக் காது?”

அது பொய் என்று இராஜசிங்கத்துக்குத் தெரியாது. வடிவேலு காட்டைப் பார்த்து நின்றார். துப்பாக்கி அவருடைய வலது காதுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

வெடித்தது. மரங்களிலிருந்து பறவைகள் எழுந்தன. அவற்றின் இறக்கை ஒலி வடிவேலுவுக்குக் கேட்கவில்லை. அதிகாரி குழலை உற்றுப் பார்த்தான். திரும்பி இராஜசிங்கத்தைப் பார்த்தான். கை மெல்ல இறங்கியது. வாளைத் தாண்டி மேலேறித் தோளைத் தடவியது. தடவத் தடவ முகம் மலர்ந்தது, சிரித்தான்.

இராஜசிங்கம் ஓடிவந்து இடது காதில் கத்தினார்: “ஞாயிறுதோறும் வேட்டையில நீர்தான் பக்கத்தில நிக்க வேணுமாம்!”

ஜப்பான்காரன் சரணடையும்வரை வடிவேலு அப்படி நின்றார். அதன்பிறகு இரும்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தே அளந்தார். மனைவி பூவம்மா அவருக்கு இடப்பக்கமாகவே நடக்கப் பழகினாள்.

பல வருடம் கழித்து வடிவேலுவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, தலை நரைத்த இராஜசிங்கம் வந்தார். வழக்கப்படி வலது காதருகே குனிந்து சிவநாமம் சொல்லத் தொடங்கினார்.

“அந்தக் காது இல்லீங்க கிராணி ஐயா,” என்றாள் பூவம்மா. “இந்தப் பக்கம் வாங்க.”

அவர் கட்டிலைச் சுற்றி வந்தார். வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.