தீர்த்தகிரி வேனில் பாஞ்சாலி பாட்டு

அதியமான்கோட்டையில் தீர்த்தகிரி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். பாட்டு வேன் தீர்த்தகிரி என்று கேட்டால்தான் சரியான சந்துக்குள் கை நீளும். ஹைரோட்டு ஓரத்தில் நான் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தேன். அவன் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். தூரப் பயணம் என்றால் மாற்று டிரைவராக என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொள்வான். மச்சான் என்று கூப்பிடுவான், முறை எல்லாம் கிடையாது, பழக்கம்தான்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி ஏற்றுகிற லாரியில் கிளீனராகப் போனான். டிரைவர் கண் அசராமல் இருக்கப் பாடிக்கொண்டே வரவேண்டும், அதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. தொண்டை என்னவோ கழுதைத் தொண்டை. ஆனால் எந்தப் பாட்டுக்கு டிரைவர் சும்மா தலையை ஆட்டுகிறான், எந்தப் பாட்டுக்குத் தன்னை அறியாமல் கூடச் சேர்ந்து பாடுகிறான் என்று பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொண்டான். பிற்பாடு ஸ்டீரிங் கைக்கு வந்து, வேனில் டேப் செட்டு மாட்டியபோது அந்தப் படிப்புதான் சோறு போட்டது.

"கேக்கற பாட்டு வேற, பாடற பாட்டு வேற மச்சான்" என்பான். கேட்கிற பாட்டில் பாடகர் மூச்சை இழுத்துக்கொண்டே போவார், கூடப் பாடுகிறவனுக்கு நடுவில் திணறும். பாடுகிற பாட்டு என்றால் பல்லுப் போன கிழவியும் மூணாவது சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். தொப்பூர் கணவாயில் கைதட்டுப் பாட்டு போடமாட்டான். வளைவில் கைதட்டுகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமல் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்கள், அப்புறம் வாந்தி. அங்கே தாலாட்டு மாதிரி எதையாவது போட்டு, மேடு ஏறி ரோடு நேரானதும் மாற்றுவான். பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பிவிட்டால் போதும், கை தானாகச் செட்டுக்குப் போகும். சத்தத்தை ஒரு நூல் ஏற்றுவான். செட்டுக்குத் தோற்கக் கூடாது என்று அவர்கள் இன்னும் கத்துவார்கள். இவன் இன்னொரு நூல் ஏற்றுவான். மைசூர் போவதற்குள் வண்டியே தொண்டை கட்டிக்கொள்ளும்.

நல்லவன்தான். ஆனால் பொறாமை அவனுக்கு மூக்கு மாதிரி, முகத்துக்கு முன்னால் போகும். அடுத்த வேனில் புது ஹாரன் வைத்தால் இவனுக்குச் சோறு இறங்காது. கல்யாண வண்டி ஓட்டும்போது எல்லோரும் மாப்பிள்ளையையே பார்க்கிறார்கள் என்று மாப்பிள்ளையைப் பிடிக்காது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டி பாஞ்சாலி. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அவன் வேனில் வந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். வண்டியே பாடும், அவள் வாய் மட்டும் திறக்காது. ஊரையெல்லாம் பாடவைத்தவனுக்கு அது ஒன்றுதான் உறுத்தல். "அவளுக்கு என்ன பாட்டு போட்டாத்தான் புடிக்கும்னு தெரியல மச்சான்" என்று பட்டறையில் வந்து புலம்புவான். போடாத பாட்டில்லை.

தொண்ணூறாம் வருஷம் என்று நினைவு. பாஞ்சாலியின் பெரியம்மா குள்ளம்மாள், மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவள். பாஞ்சாலி தினமும் அங்கேதான் தழை பறிக்கப் போவாள். புழு வளர்க்கிற வீட்டில் ராப்பகல் கிடையாது, தழை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கூடு கட்டி, அதை மார்க்கெட்டுக்கு அனுப்பி, அடுத்த முட்டை வருகிற வரைக்கும்தான் மூச்சு விட நேரம். அந்த இடைவெளியில் தழை பறிக்கிற பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு மைசூர் பார்க்கப் போவது என்று குள்ளம்மாள் முடிவு செய்தாள். வண்டி தீர்த்தகிரியுடையது. பாட்டு மட்டும் அவனுடையது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "உன் பாட்டெல்லாம் கல்யாண கோஷ்டிக்கு மாப்ளே. எங்க பாட்டு எதுன்னு எங்களுக்குத் தெரியும்."

அப்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் அக்பர் அலி புதிதாக ரெக்கார்டிங் கடை போட்டிருந்தான். வேண்டிய பாட்டைச் சொன்னால் கேசட்டில் பதிந்து தருவான். ஸ்பீக்கர் ஒயர் வாங்க நானும் தீர்த்தகிரியும் அங்கே போனோம்.

"பாய், எங்க அத்தை கூட்டம் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. தொண்ணூறு நிமிஷ கேசட்டு. ஆளுக்கு ஒரு பாட்டு. அண்ணியும் ஒண்ணு சொன்னாங்க."

"எந்த அண்ணி?"

"உங்க வூட்டுல அண்ணிதான். வேற எந்த அண்ணி?"

தீர்த்தகிரி கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தான். "என்னா பாட்டு?"

"அதைச் சொல்லக் கூடாதுண்ணே. யாரு பாட்டு எதுன்னு அவங்க கூட்டத்தைத் தவிர மத்தவங்களுக்கு வண்டியில போட்டாத்தான் தெரியணுமாம். முன்னாடியே தெரிஞ்சா ஆம்பளைங்க கேலி பண்ணுவாங்கன்னு குள்ளம்மாக்கா கண்டிஷன் போட்டிருக்கு."

"நான் அவ புருஷன்யா."

"நான் கடைக்காரன்ணே."

நான் சிரித்துவிட்டேன். தீர்த்தகிரி சிரிக்கவில்லை. ஒயரும் வாங்கவில்லை. வெளியே வந்து சொன்னான், "பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்றேன். ஒரு பாட்டு நல்லாருக்குன்னு அவ வாயால கேட்டதில்ல. இவன் கடை தொறந்து ஆறு மாசம் ஆவல, இவங்கிட்ட வந்து சொல்லியிருக்கா பாரு மச்சான்." அன்றைக்கு வீட்டில் கேட்டதற்கு, "வண்டியிலதான் போடுவாங்க, கேட்டுக்கங்க" என்று பாஞ்சாலி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்.

கிளம்பின அன்றைக்குக் கிருஷ்ணகிரி வரைக்கும் சாமிப் பாட்டு, அது அவன் வழக்கம். அங்கே டீ குடித்ததும் குள்ளம்மாள் கேசட்டை நீட்டினாள். அவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் யார் பாட்டோ அவளை எல்லோரும் பெயர் சொல்லிக் கூவவேண்டும், அவள்தான் முதல் அடி எடுக்கவேண்டும், பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம்.

முதல் பாட்டு ஏதோ ஏற்றம் இறைக்கிற பாட்டு. மேளம் விழுந்ததும் தீர்த்தகிரியின் பார்வை பின் சீட்டைக் காட்டுகிற கண்ணாடிக்குப் போய்விட்டது. "முனியம்மா!" என்று பின்னால் கூவினார்கள். அவன் முகம் தொங்கியது. அடுத்தது வளையல்காரன் பாட்டு, அதற்கும் வேறொருத்தி. ஒரு காதல் பாட்டு வந்தது, மாமனை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று. தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவினான். "குள்ளம்மாக்கா!" என்று வண்டி அதிர்ந்தது. அறுபது வயதுக் குள்ளம்மாள் மாமனை நினைத்து உருகினாள்.

"யோவ், மாட்டு வண்டி!" என்று நான் கத்தினேன். கடைசி நேரத்தில் ஒடித்தான். கண் ரோட்டில் இருந்தால்தானே.

"கண்ணாடியில என்னாய்யா பாக்கற?"

"பின்னால லாரி வருதான்னு பாத்தேன்."

பின்னால் ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

ஓசூர் தாண்டும்போது ஒரு பக்கம் முடிந்தது. பாஞ்சாலி பாட்டு வரவில்லை. "திருப்பிப் போடு மாப்ளே, அந்தப் பக்கம் மொதப் பாட்டே பாஞ்சாலிதான்" என்றாள் குள்ளம்மாள். பெண்கள் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் அது என்ன பாட்டு என்று தெரிந்திருக்கிறது. அவனுக்கு மட்டும்தான் தெரியாது. அந்தச் சிரிப்புதான் அவனைக் கடித்துவிட்டது. கேசட்டை எடுத்தான், இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"செட்டு சூடாயிடுச்சு. இந்தக் கேசட்டு டேப்பைச் செட்டு தின்னுடும் அத்தெ. மட்டக் கேசட்டு" என்று மேலே பலகையில் வைத்துவிட்டான். செட்டில் ஒரு சூடும் இல்லை, நான் தொட்டுப் பார்த்தேன். தன் கேசட்டைப் போட்டான். எத்தனையோ வண்டிக் கூட்டத்தைப் பாடவைத்த கேசட்டு அது. பெங்களூர் போய்ச் சேருகிற வரைக்கும் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவனும் ஒவ்வொரு நூலாகச் சத்தத்தை ஏற்றிப் பார்த்தான். முனியம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

ராமநகரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். புளிச்சோற்றை இலையில் வைத்துக்கொண்டே குள்ளம்மாள் சொன்னாள், "செட்டு போனா போவுது. பாஞ்சாலி தெனம் தோட்டத்துல செட்டு வெச்சிக்கிட்டா பாடறா?"

தீர்த்தகிரி சோற்றைப் பிசைந்த கையோடு நின்றான். "தெனமா?"

"தெனந்தான். இவ பாடலன்னா முனியம்மா தழையே பறிக்கமாட்டா."

"எங்கூட வண்டியில வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "ஊருக்கெல்லாம் பாடுவ. மல்பெரிக்குப் பாடுவ. புழுவுக்குப் பாடுவ. எனக்குன்னா ஜன்னல்."

பாஞ்சாலி இலையை மடித்தாள். "நீங்கதானே என் வாயை மூடுனீங்க."

"நானா?"

"கல்யாணமான புதுசுல ஒகேனக்கல் கூட்டிக்கினு போனீங்களே. முன்னால சீட்டுல உக்கார வெச்சீங்க. பாட்டு வந்துச்சு, நானும் கூடப் பாடினேன். ரெண்டு அடி பாடல, டக்குனு செட்டைத் திருகிச் சத்தத்தை ஏத்தினீங்க. என் கொரலைக் கேக்க உங்களுக்குப் புடிக்கல போலன்னு கம்முனு ஆயிட்டேன்."

"அடிப்பாவி! நீ இன்னும் நல்லாப் பாடணும்னுதானடி ஏத்துனேன். எல்லாருக்கும் அப்படித்தானே பண்றேன். மச்சானைக் கேளு."

"எல்லாருக்கும் பண்றது எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு வண்டியில நான் ஒருத்திதானே இருந்தேன்."

"அப்புறம் எத்தினி வாட்டி வந்த? அப்பவாவது பாத்து..."

"அப்புறம் நான் எங்க உங்க கையைப் பாத்தேன்? ஜன்னலைத்தான் பாத்தேன்."

குள்ளம்மாள், "பன்னெண்டு வருஷமாடி இதை வயித்துல வெச்சிருந்த? புள்ளையா இருந்தா இந்நேரம் ஏழாவது படிச்சிக்கிட்டு இருக்கும்" என்றாள்.

வண்டி கிளம்பியது. தீர்த்தகிரி செட்டைத் தொடவில்லை. கொஞ்ச தூரம் போனதும், திரும்பிப் பார்க்காமல், "பாடறதுன்னா பாடலாம்" என்றான், ஏதோ கண்டக்டர் சில்லறை கேட்கிற மாதிரி.

"பாஞ்சாலி!" என்று எல்லோரும் கூவினார்கள்.

அவள் எடுத்தாள். சோளக்கொல்லையில் கிளி விரட்டப் போன பெண், விரட்டாமல் கிளியோடு பேசிக்கொண்டிருந்த பாட்டு. அவன் ரூல்படி பார்த்தால் அது பாடுகிற பாட்டே இல்லை. இழுக்கிற பாட்டு, மூச்சு வாங்குகிற பாட்டு. அவன் தள்ளுபடி செய்கிற ஜாதி. அவள் அதை அலுங்காமல் இழுத்துக்கொண்டு போனாள். குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. தீர்த்தகிரி கியர் மாற்ற மறந்து மூணாவதிலேயே ஓட்டினான்.

ரெண்டாவது அடியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். அத்தனை தொண்டைக்குள் பாஞ்சாலி முழுகிப்போனாள். தீர்த்தகிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். கிடைக்கவில்லை.

"ஏய், கம்முனு இருங்க!" என்று ஒரு கத்து கத்தினான். "பாட்டு உங்களுதா? அவளுது! ஆளாளுக்கு எதுக்குக் கூடப் பாடறீங்க?"

வாழ்நாள் பூராவும் கூடப் பாடுங்கள், கூடப் பாடுங்கள் என்று ஊரைத் தொல்லை பண்ணியவன்.

பாட்டு பாதியில் நின்றது. பிறகு பின்னால் வெடித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. "மாப்ளே, எங்க வாயைக் கோழி கவுக்கற கொடாப்புல போட்டு மூடிட்டியா?" என்றாள் குள்ளம்மாள். பாஞ்சாலிக்கும் சிரிப்பு. மறுபடி எடுத்தாள். குள்ளம்மாளுக்கு வாய் நிற்கவில்லை, அடித்தொண்டையில் சேர்ந்தாள். இவன் கண்ணாடியில் முறைத்தான். எதிரில் பஸ் வருவதைப் பார்த்து நான் அவன் தோளைத் தட்டினேன்.

"ஓரங்கட்டு. நான் ஓட்டறேன். நீ போயி எதிர்ல உக்காந்து ஆசை தீரக் கேளு."

போனான். பாஞ்சாலிக்கு நேர் எதிரே, பைகளின் மேல் உட்கார்ந்து, வாயைப் பார்த்தான். அவள் ஒரு அடி பாடினாள், சிரித்தாள், முந்தானையால் வாயை மூடினாள். "முன்னாடி போங்க நீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பாட்டு வரல."

திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் ரோட்டைப் பார்த்திருந்தது, காது பூராவும் பின்னால். பாஞ்சாலி முதலிலிருந்து பாடினாள். இந்தத் தடவை பெண்கள் ஒருத்தியும் சேரவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார்கள். ரோடு நேராகக் கிடந்தது, ரெண்டு பக்கமும் தென்னை. கிளி வருகிற அடி வந்ததும் எனக்கும் லேசாக வாய் முணுமுணுத்தது.

தொடையில் ஒரு குத்து விழுந்தது.

"உன்னையும் சேத்துத்தான்யா சொன்னேன்" என்றான்.