கரையில் சாகாத கெளுத்தி

ஸ்ரீரங்கத்தில் தூண்டில் போடுகிற வைஷ்ணவன் நான் ஒருவன்தான். இல்லை என்று சொல்ல யாராவது வந்தால் அவரையும் ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடத்துக்கு அழைத்துக்கொண்டு போவேன். முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. மீனைப் பிடிப்பேன், நன்றாகப் பார்ப்பேன், ஆற்றிலேயே விட்டுவிடுவேன். என் கையால் ஓர் உயிர் போனதில்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இரையும் சைவம்தான். மைதாவோடு கடலைப் பிண்ணாக்கையும் பெருங்காயத்தையும் சேர்த்துப் பிசைந்து உருட்டிக்கொண்டு போவேன். மண்புழு கோக்க மாட்டேன், புழுவும் உயிர்தானே. காவிரிப் பக்கம் போனால் அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் பண்ண வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். அதனால் எனக்கு எப்போதும் வடக்கே கொள்ளிடம்தான் தோது.

என்னோடு வருகிறவர் புத்தூர்க்காரர், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் தேவாலயத்திலிருந்து நேராகக் கரைக்கு வந்துவிடுவார். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார். அவர் சமையலில் நான் தலையிடுவதில்லை, என் பெருங்காயத்தைப் பற்றி அவர் பேசாமல் இருந்ததில்லை. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு: ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் அது ஆற்றுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். யாரோ குளத்தில் திருட்டுத்தனமாக வளர்த்தது வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கு வந்துவிட்டது, விராலும் ஆராலும் கெண்டைக் குஞ்சும் அதன் வயிற்றுக்குள் போகின்றன, அதைத் திரும்ப விடுகிறவன் ஆற்றுக்கே துரோகி என்று ஒரு நாள் டீக்கடையில் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். என் தூண்டிலிலேயே அது வந்து மாட்டும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. பிறர் கொல்வார்கள், நான் தலையாட்டுவேன் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

வெள்ளம் வடிந்து மணல் தெரியத் தொடங்கிய சமயம். ஆழமான மடு ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தூண்டில் ராடு வளைந்த வளைவில் கட்டையில்தான் சிக்கிவிட்டது என்று நினைத்தேன். கட்டை மடுவின் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியது. தூண்டில் நரம்பை விட்டு, இழுத்து, மறுபடி விட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆன பிறகு மீசையோடு ஒரு தட்டைத் தலை மேலே வந்தது. இருவரும் சேர்ந்துதான் மணலுக்கு இழுத்தோம். தலையை என் இடுப்பளவுக்குத் தூக்கியும் வால் மணலில் கிடந்தது. தராசில் மாட்டியபோது, இத்தனை வருஷம் அசைக்க முடியாமல் இருந்த அவர் பிடித்த கட்லா மீனின் எடைச் சாதனையைச் சுலபமாகத் தாண்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் படம் எடுத்தார். நான் அதில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறேன்.

பிறகு பழக்க தோஷத்தில், தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு மீனைத் தண்ணீர் பக்கம் திருப்பினேன்.

"சாமி, இத மட்டும் விட்டுறாதீங்க" என்றார் அவர்.

கையை எடுத்துவிட்டேன். சட்டம் சட்டம்தான். அதே சமயம் கொல்லவும் மனசு வரவில்லை. என் மூளை இந்த மாதிரி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். மீனை மேட்டில் மணலிலேயே போட்டுவிடலாம், தண்ணீர் இல்லாமல் தானாக உயிர் போய்விடும், நான் கொன்றதாகவும் ஆகாது என்று அவரிடம் விளக்கினேன். அவர் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. கெளுத்தி சாகவில்லை. அந்த ஜாதி மீன் காற்றையே நேராக மூச்சாக இழுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, டீக்கடையில் அதையும் நானே சொல்லியிருந்தேன். வாயைத் திறந்து மூடியது. தோல் காய்ந்து மணல் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பக்கத் துடுப்பையும் ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, தண்ணீரை நோக்கி நகர ஆரம்பித்தது. நான் அதைத் தூக்கி மறுபடி மேட்டில் போட்டேன். அது மறுபடி நகர்ந்தது. மூன்றாம் தடவை தூக்கியபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் ஒரு போடு போட்டுறட்டுமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். பிடித்தவன் நான், பிரசங்கம் செய்தவனும் நான். மணலில் கிடந்த உருண்டைக் கல்லை எடுத்து மீனின் தலையில் ஓங்கி அடித்தேன். முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் அடங்கியது. அழுகல் தின்கிற மீன் தன் வீட்டுக் குழம்புக்கு ஆகாது என்று அவர் சொன்னதால், இருவரும் கையாலேயே குழி தோண்டி மூடினோம்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். மோர்சாதம் இறங்கவில்லை. நடந்ததை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பெருமாளுக்கு ஏற்றும் விளக்கைத் துடைத்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா ஒவ்வொண்ணு வாயிலயும் முள்ளக் குத்தி இழுத்தேளே, அதுகளுக்கெல்லாம் வலிச்சிருக்காதா? அப்பல்லாம் நன்னாத் தூங்கினேள்."



மீன் பிடிப்பதை விட்டேனா என்றால், இல்லை. அந்தச் சாதனையையும் விட்டுக்கொடுக்கவில்லை, கெளுத்தியின் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. உயிரெடுக்காதவன் என்று சொல்லிக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது என் தூண்டில் பையில் ஒரு கருவேலங்கட்டையும் இருக்கிறது. முதல் அடியே சரியாக விழவேண்டும் என்று, கைப்பிடியை நானே செதுக்கிக்கொண்டேன்.